தோள்வலியோடு விறகு பிளக்க, செலவு குறைந்த வழி என்ன?

கல்லடுப்பு எழுதியது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. அறுக்க வந்தவர்கள் அடிமரத்தையும் பெருங்கிளைகளையும் உருளை உருளையாக அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சிலது 30 சென்டிமீட்டர் விட்டம், அடிப்பக்கத்துத் துண்டுகள் 50 வரை இருக்கும். நீளமும் ஒரே மாதிரி இல்லை, ஒரு முழத்திலிருந்து இரண்டு முழம் வரை கிடக்கிறது. எங்கள் வீட்டில் அடுப்புக்கும் வெந்நீருக்கும் விறகுதான், அதனால் இதை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட மனம் வரவில்லை.

சிக்கல் பிளப்பதில்தான். இருப்பது மரம் வெட்டும் சாதாரணக் கோடாலி. ஓங்கி அடித்தால் இரண்டு விரல் ஆழம் இறங்கி அப்படியே மாட்டிக்கொள்கிறது, அடிப்பதைவிட அதைப் பிடுங்கத்தான் அதிக பலம் போகிறது. எனக்கு வலது தோளில் பழைய வலி உண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்குவது கொஞ்ச நேரத்துக்கு மேல் முடியாது. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அம்மா அந்தக் கோடாலியை எடுக்கிறார், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மோட்டார் வைத்த இயந்திரம் வாங்கும் வசதி இப்போது இல்லை. வீடியோக்களில் ஜாக்கியை வைத்துப் பிளக்கிறார்கள், டிரில்லில் மாட்டும் திருகுக் கூம்பு ஒன்றைக் காட்டுகிறார்கள், பழைய டயருக்குள் கட்டையை நிறுத்தி அடிக்கிறார்கள். இதில் எது உண்மையிலேயே வேலைக்கு ஆகும், எது ஆபத்து? கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் முதலில் எதை வாங்குவீர்கள்? இப்போதே பச்சையாகப் பிளக்கலாமா, காயவிட்டுத் தொடலாமா?

சம்மட்டி எழுதியது:

எதை வாங்குவது என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஆப்பு இரண்டு, அப்புறம் ஒரு சம்மட்டி. புதுக் கோடாலியெல்லாம் அதற்குப் பிறகுதான். தோள்வலி இருப்பவருக்கு ஆப்பை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கோடாலியில் ஒரே வீச்சில் காரியம் முடிந்தாக வேண்டும், ஆப்பில் அதே காரியத்தைப் பத்துச் சின்ன அடியாகப் பிரித்துக்கொள்ளலாம். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகவே வேண்டாம். நெஞ்சு உயரத்திலிருந்து சம்மட்டியை அதன் எடையிலேயே விழவிட்டால் போதும். 3 கிலோ சம்மட்டி பொதுவாகச் சரியாக இருக்கும். தோளுக்கு அது கனம் என்று பட்டால் 2 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், அடி நாலு கூடும், அவ்வளவுதான்.

உங்கள் கோடாலி மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அதன் வடிவம். மரம் வெட்டும் கோடாலியின் தலை மெலிந்தது, இழையைக் குறுக்கே வெட்டுவதற்காகச் செய்தது. பிளக்கும் கோடாலி வேறு. வாய் ரொம்பக் கூராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு பக்கமும் புடைத்திருக்க வேண்டும், உள்ளே இறங்க இறங்க மரத்தை இரு பக்கமும் தள்ளிப் பிரிக்க வேண்டும். மரத்தை நீளவாக்கில் இழுத்து அறுக்க முயன்றால் அது தாங்கும் பலம் அபாரமானது. இழைக்கு இழை பிரிப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கு விசை போதும். நாம் செய்ய வேண்டியது வெட்டுவது இல்லை, ஒரு வெடிப்பைத் தொடங்கிவைத்து அதை நீளவிடுவது.

அதனால் அடிப்பதற்கு முன் கட்டையின் முகத்தைப் பாருங்கள். அறுத்துச் சில நாள் ஆகியிருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்புகள் தெரியும். அதில் எது நீளமோ அதன் மேல் ஆப்பை வையுங்கள். கணு இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள், வெடிப்பு கணுவுக்குள் போகாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் உருளையை நடுவில் பிளக்க ஆசைப்பட வேண்டாம். ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி ஆப்பை வைத்து, பலகை பலகையாகச் சுற்றிலும் பெயர்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் மிஞ்சும் சிறிய கட்டை அதற்குப் பிறகு சொன்னபடி கேட்கும்.

ஆப்பு முதலில் நிற்க மாட்டேன் என்று துள்ளும். ரம்பத்தால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு அதில் நிறுத்துங்கள், சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிலைநிறுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் சம்மட்டி. அப்புறம், இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். கட்டைக்குள் இழை கிழியும் முறுமுறு சத்தம் கேட்டால் அது தானே பிரிந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் அடுத்த அடியே தேவைப்படாமல் போகலாம். சத்தமே இல்லாமல் ஆப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது ஆப்பை அதே வெடிப்பில் கொஞ்சம் தள்ளி வைத்து அடியுங்கள், முதல் ஆப்பு தளர்ந்து கையோடு வந்துவிடும். இரண்டு ஆப்பு வாங்கச் சொன்னதே இதற்காகத்தான். வெடிப்பு வாய் திறந்ததும் கடப்பாரையை விட்டு நெம்பினால் மிச்சம் பிரிந்துவிடும், அதற்குத் தோள் வேண்டாம், உடம்பை அதன் மேல் சாய்த்தாலே போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடித்து அடித்து ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்துவிடும், அந்த ஓரத்திலிருந்து இரும்புத் துணுக்கு தோட்டா வேகத்தில் தெறிக்கும். விரிந்த ஓரத்தை அவ்வப்போது சாணையில் தேய்த்துவிடுங்கள். கண்ணாடி போடாமல் ஆப்பை அடிக்கவே கூடாது. கோடாலியின் பின்புறத்தால் இரும்பு ஆப்பை அடிப்பதும் கூடாது, காம்பு நுழையும் அதன் கண் விரிந்து தலை காம்பிலிருந்து கழன்றுவிடும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

என்ன மரம் என்று சொல்லவில்லையே? பச்சையா காய்ந்ததா என்ற கேள்விக்கு மரத்தின் பெயர் தெரியாமல் பதில் சொன்னால் அது பாதிப் பதில்தான்.

பொதுவாகச் சொன்னால், நேர் இழை உள்ள மரங்களில் பெரும்பாலானவற்றைப் பச்சையிலேயே பிளப்பது சுலபம். வைரம் பாய்ந்த மரம் காயக் காய இறுகிவிடும். இழைகள் ஒரு அடுக்கு இடப்பக்கமும் அடுத்த அடுக்கு வலப்பக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டு வளரும் மரங்களும் உண்டு, புளி, வேம்பு, தைலமரம் எல்லாம் அந்த வகையில் சேரும். அவற்றில் வெடிப்பு நேராக ஓடாது, பிளந்த முகம் முழுவதும் நார் நாராகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரி மரத்தைக் காயவிட்டுப் பிளப்பது வேண்டாத கஷ்டம்.

நண்பர் சம்மட்டி வெடிப்பு தெரியும்வரை காத்திருக்கலாம் என்கிற மாதிரிச் சொல்கிறார், சில நாள் என்றால் சரி, மாதக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். உருளையாகக் கிடக்கும் மரம் காயவும் காயாது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் பெரும்பாலும் அறுத்த முனை வழியாகத்தான் வெளியே போகிறது, பட்டை அதை அடைத்துவைத்திருக்கிறது. பிளந்து போட்டால்தான் காற்று படும் பரப்பு கூடி வேகமாகக் காயும். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அதை அப்படியே அடுப்பில் வைத்தால் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், மிச்சம் புகை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நன்றாக எரியும். அதற்கு மரத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அடர்ந்த மரம் என்றால் அதற்கு மேலும் ஆகலாம்.

ஆகவே இப்போதே பிளந்துவிடுங்கள், அடுக்கிக் காயவிடுங்கள். தரையில் படாமல் இரண்டு கட்டை குறுக்கே போட்டு அதன் மேல் அடுக்குங்கள், மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களை மூட வேண்டாம். சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிட்டு உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

நீளத்தைப் பற்றியும் யோசியுங்கள். இரண்டு முழத் துண்டை அப்படியே பிளக்க முயல்வதைவிட அதைக் குறுக்கே அறுத்து 30, 35 சென்டிமீட்டர் ஆக்கிவிட்டால் பிளக்கும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும். கணுவும் கவட்டையும் இருக்கும் இடத்தில் அறுத்தால் இன்னும் நல்லது, தொல்லை பிடித்த பகுதி தனித் துண்டாகப் போய்விடும். அறுப்பவர்களை வரவழைக்கும்போதே அடுப்புக்கு வேண்டிய அளவைச் சொல்லி அறுக்கச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி, அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள்.

கல்லடுப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மரம் தைலமரம், நீங்கள் சொன்ன பின்னல் இழை வகைதான். அறுத்து அதிக நாள் ஆகவில்லை, தொட்டால் இன்னும் ஈரம் தெரிகிறது. கைரம்பம் ஒன்று இருக்கிறது, சங்கிலி ரம்பம் இல்லை. ஓரத்திலிருந்து பெயர்ப்பது என்பதை நான் யோசிக்கவே இல்லை, எல்லோரும் நடுவில்தானே அடிக்கிறார்கள். கோடாலி வாங்குவதானால் எத்தனை கிலோ? கனம் கூடினால் நன்றாகப் பிளக்கும் என்று ஒருவர் சொன்னார், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஜாக்கி பற்றி யாராவது சொல்லுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

தைலமரம் என்றால் ஓரத்திலிருந்துதான், நடுவில் அடித்தால் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பச்சையில் பலகை பலகையாக வரும். காய்ந்துவிட்டால் கோடாலி பட்டுத் திரும்பி எழும்பும். தாமதிக்காதீர்கள்.

எடை விஷயம். அடியின் ஆற்றலில் எடைக்கு இருக்கும் பங்கைவிட வேகத்துக்கு இருக்கும் பங்கு பெரிது, வேகம் இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு. 3 கிலோ தலை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 96 ஜூல், 2 கிலோ தலை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 100 ஜூல். அதாவது உங்களால் தளராமல் வேகமாக இறக்க முடிகிற எடைதான் உங்களுக்கான எடை. தோள்வலியோடு 3.5 கிலோ தலையைத் தூக்கிக் களைத்துப்போய்க் குறி தவறுவதைவிட, பக்கங்கள் புடைத்த 2 கிலோ கோடாலி, 80 அல்லது 90 சென்டிமீட்டர் காம்பு, அது போதும். குட்டைக் காம்பு பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மை நேர்மாறு. குறி தவறினால் நீளக் காம்புக் கோடாலி உங்களுக்கு முன்னால் மண்ணில் குத்தும், குட்டைக் காம்புக் கோடாலி வளைந்து வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கும்.

பின்லாந்தில் ஹெய்க்கி கார்னா என்பவர் ஒரு கோடாலி வடிவமைத்தார், அதன் எடை ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும், கட்டையில் பட்டதும் தலை தானே பக்கவாட்டில் திரும்பி நெம்புகோல் மாதிரி துண்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும். சிக்கிக்கொள்வது குறைவு, நல்ல யோசனைதான். ஆனால் மற்றதைவிட விலை கூடுதல், பழக நாளும் ஆகும், உங்கள் நிலைமையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிக்கும் விதம் ஒன்று சொல்கிறேன், தோளுக்கு நல்லது. கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி நில்லுங்கள். ஒரு கை காம்பின் அடியில், இன்னொரு கை தலைக்குப் பக்கத்தில். தூக்கும்போது தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கைதான் எடையைத் தாங்கும், இறக்கும்போது அந்தக் கை காம்பு வழியே வழுக்கி அடிக்கையோடு வந்து சேர வேண்டும். கோடாலி இறங்கும்போது முழங்காலை மடக்கி இடுப்பையும் சேர்த்து இறக்குங்கள். இரண்டு நன்மை: பலம் உடம்பிலிருந்து வரும், தோளிலிருந்து வராது. அப்புறம் கோடாலியின் வாய் கால் பக்கம் வளையாமல் நேர்க்கீழே இறங்கும். கட்டையை வெறுந்தரையில் வைக்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே நிற்கும் உயரத்தில் அகலமான அடிக்கட்டை ஒன்றின் மேல், அதுவும் உங்களுக்கு அப்பால் இருக்கும் ஓரத்தில் வையுங்கள். மண் அடியின் விசையை விழுங்கிவிடும், சிமெண்டுத் தளமோ கோடாலியின் வாயைத் தின்றுவிடும்.

டயர் யோசனை நல்லது. அடிக்கட்டையின் மேல் பழைய கார் டயரை நாலு திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, அதற்குள் உருளையை நிறுத்தி அடித்தால் பிளந்த துண்டுகள் ஓடாது, ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து நிறுத்தும் வேலை மிச்சம். விறகு பிளக்கும்போது முதுகு போவது பெரும்பாலும் குனிந்து நிமிர்வதில்தான், அடிப்பதில் அல்ல. கட்டையின் தலை டயரின் விளிம்பைவிட உயர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் கோடாலி ரப்பரில் பட்டு எகிறும். டயர் கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபையோ சங்கிலியையோ கட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும் போதும்.

கொல்லன்மகன் எழுதியது:

ஜாக்கி கேள்விக்கு நான் சொல்கிறேன், வெல்டிங் வேலை என் தொழில்.

வேலை செய்யுமா என்றால் செய்யும். 10 டன் பாட்டில் ஜாக்கி, கனமான இரும்புச் சட்டம், மேலே நிலையான ஆப்பு, கீழேயிருந்து ஜாக்கி கட்டையைத் தள்ளிக்கொண்டு வரும். தோளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மெதுவாகத்தான் போகும், ஜாக்கியின் தண்டு ஒரு சாண் கூட நீளாது, இடையில் இறக்கிவிட்டு அடியில் முட்டுக் கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். நல்ல வெடிப்பு உள்ள கட்டை பாதித் தூரத்திலேயே பிளந்துவிடும், தைலமரம் மாதிரி நார் பிடித்த கட்டை கடைசிவரை பிளக்காது. பெரும்பாலான பாட்டில் ஜாக்கிகள் நிமிர்ந்து நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும், படுக்கவைத்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். சட்டத்தை நெட்டுக்குத்தாகத்தான் அமைக்க வேண்டும்.

எனக்குக் கவலை சட்டத்தைப் பற்றித்தான். 10 டன் விசை கட்டையைத் தள்ளும்போது அதே 10 டன் விசை சட்டத்தைப் பிய்க்கப் பார்க்கும். வீடியோவில் காட்டுகிற சில சட்டங்களின் பற்றவைப்பைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மெல்லிய கோணக் கம்பியில், மேலோட்டமாகப் பற்றவைத்த மூலையில், அந்த விசை திடீரென்று விடுபட்டால் முன்னால் நிற்பவர் கதி என்ன? பழைய இரும்பில் செய்வதானால் கனமான ஐ வடிவ உத்திரத் துண்டு எடுங்கள், அனுபவமுள்ளவரிடம் பற்றவையுங்கள். அதைச் செய்ய வசதியில்லை என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், ஆப்பே போதும்.

அதைவிட எளிமையான ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு நீளக் கம்பியின் அடியில் ஆப்பு, அந்தக் கம்பியில் மேலும் கீழும் வழுக்கி ஓடும் கனமான இரும்பு உருளை. ஆப்பைக் கட்டையின் மேல் நிறுத்திக்கொண்டு உருளையைத் தூக்கித் தூக்கிக் கீழே விட வேண்டும். வீச்சே கிடையாது, குறி தவற வாய்ப்பே இல்லை, ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் விழும். கடையில் கிடைப்பதும் உண்டு, தடித்த குழாயும் உள்ளே போகும் கம்பியும் இருந்தால் பட்டறையில் செய்துகொள்ளவும் முடியும். உருளைக்கும் ஆப்புக்கும் நடுவில் விரல் போகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், உருளையின் மேல்பாதியில் கைப்பிடி வைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. உங்கள் தோளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன், எடையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை.

டிரில் கூம்பு: வேண்டவே வேண்டாம். சிறிய நேர் இழைத் துண்டில் அழகாகப் பிளக்கும், அதைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள். கணுவில் மாட்டினால் கூம்பு நின்றுவிடும், டிரில் சுற்றும், மணிக்கட்டு முறுகும். கட்டை லேசானது என்றால் கட்டையே சுற்றும். டிராக்டரிலும் மோட்டாரிலும் ஓடும் பெரிய கூம்பு இதைவிடக் கொடியது, சட்டையின் நூல் ஒன்று மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

மின்சார இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு அளவில் வருவது 1500 முதல் 2200 வாட் மோட்டார், 5 முதல் 7 டன் தள்ளும், 25 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் திணறும். உங்கள் 50 சென்டிமீட்டர் துண்டுகளை அது எப்படியும் நேரடியாக எடுக்காது, முதலில் ஆப்பு வைத்து நாலாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரே மரத்துக்காக அதை வாங்குவது வீண். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து வாங்கலாம், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லோரும் அன்றே பிளந்துகொள்ளலாம். அதில் இரண்டு கையாலும் இரண்டு விசையை அழுத்தினால்தான் ஓடும்படி வைத்திருப்பார்கள், கை நடுவில் போகக் கூடாது என்பதற்காக. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு விசையைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

சுள்ளிக்கட்டு எழுதியது:

அம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் கோடாலி எடுப்பது பெரிய உருளையைப் பிளக்க இருக்காது, அடுப்பு பற்றவைக்கச் சின்னச் சிம்பு வேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும். அந்த வேலையில்தான் விரல் போகிறது, ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொத்துவதால். இதற்குக் கோடாலியே தேவையில்லை.

ஒரு வழி: தடித்த வெட்டுக்கத்தியை உள்ளங்கை அகலத் துண்டின் தலையில் படியவைத்து, கத்தியின் முதுகில் கொட்டாப்புளியால் தட்டுவது. கத்தி ஏற்கனவே மரத்தில் இருக்கிறது, கையோ பிடியில் இருக்கிறது, வீச்சு என்ற ஒன்றே இல்லை. இரும்புச் சுத்தியலால் தட்டாமல் மரச் சுத்தியலால் தட்ட வேண்டும், இல்லையென்றால் கத்தி உடைந்து துணுக்கு தெறிக்கலாம். இழை நேராக உள்ள, காய்ந்த துண்டுகளை இதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு வழி நிலையான வாய். அரிவாள்மனையில் காயைக் கத்திக்குக் கொண்டுபோவது போல, இங்கே கூர் மேல்நோக்கி நிலையாக நிற்கும், துண்டை அதன் மேல் வைத்துத் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி 13 வயதில் அறிவியல் கண்காட்சிக்காக இப்படி ஒன்றைச் செய்தார், அவருடைய அம்மா சிம்பு கொத்தும்போது விரலைக் காயப்படுத்திக்கொண்டதுதான் தூண்டுதல். மேலே ஒரு வளையம், துண்டு அதற்குள் நிற்கும், கை கூர்ப்பக்கம் போகவே போகாது. இன்று பல நாடுகளில் விற்கிறது. மேலே எழுதிய வெல்டிங் நண்பர் மாதிரி ஒருவரிடம் சொன்னால் பழைய குழாய் வளையமும் ஒரு ஆப்பும் வைத்து இதே அமைப்பைச் செய்துகொடுப்பார். அம்மாவுக்கு இதை முதலில் செய்துகொடுங்கள், பெரிய கட்டைகள் பொறுத்திருக்கும்.

கோடாலியை அவர் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லவில்லை, அப்படி ஒளித்துவைத்தால் வேறு எதையாவது எடுப்பார். வாரத்துக்கு வேண்டிய சிம்பை நீங்கள் இருக்கும் நாளில் ஒரு கூடை நிறைய பிளந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டால் தேவையே வராது.

வேலிக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் பிளந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? 8 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் கிளைகளைப் பிளக்காமலே காயவிட்டு எரிக்கலாம். கவட்டையும் கணுவும் நிறைந்த துண்டு நாலைந்து கட்டாயம் இருக்கும், அவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஒன்றை அடிக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், கணு நிறைந்த துண்டுதான் அதற்கு ஏற்றது, அடி தாங்கும், சீக்கிரம் பிளக்காது. மிச்சத்தைச் சங்கிலி ரம்பம் வைத்திருப்பவர் யாராவது வரும்போது இழையோடு நீளவாக்கில் அறுத்துக்கொள்ளலாம்.

ஆப்பு பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. இரும்பு ஆப்பு ஒன்று வாங்கி, மற்றதை மரத்திலேயே செதுக்கிக்கொள்ளலாம். வைரம் பாய்ந்த காய்ந்த கிளையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையைச் சரிவாகச் செதுக்கி, அடிபடும் தலையின் ஓரத்தைச் சுற்றிலும் சீவிவிட்டால் சீக்கிரம் சிதறாது. வெடிப்பைத் திறக்க இரும்பு, திறந்த வெடிப்பை அகலப்படுத்த மரம். மரத்தாப்பு உடைந்தால் அடுப்புக்குப் போகும்.

உங்கள் கோடாலியின் காம்பையும் பாருங்கள். தலை லேசாக ஆடினால் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், அது அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். கண்ணுக்குள் இருக்கும் சின்ன ஆப்பை மாற்றி இறுக்குங்கள், அல்லது காம்பையே மாற்றிவிடுங்கள்.

கல்லடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு இரும்பு ஆப்பும் 2 கிலோ சம்மட்டியும் கண்ணாடியும் வாங்கிவந்தேன், ஓரத்திலிருந்து பெயர்க்கும் முறையில் 30 சென்டிமீட்டர் துண்டுகளில் தொடங்கினேன். நீங்கள் சொன்ன அந்த முறுமுறு சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அடித்துவிட்டு நிறுத்திக் கேட்பது தோளுக்கும் நல்ல ஓய்வாக இருக்கிறது. நிலையான வாய் ஒன்று அம்மாவுக்காகப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன், வளையத்தின் விட்டம் எவ்வளவு வைக்கச் சொல்வது என்று கேட்கிறார்கள். இரண்டு முழத் துண்டுகளைக் கைரம்பத்தால் அறுப்பதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா?

சுள்ளிக்கட்டு எழுதியது:

வளையம் 16, 17 சென்டிமீட்டர் விட்டம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பெரிய கட்டையை வைக்கத் தோன்றும், சிம்புக்கு இதுவே தாராளம். கூரின் மேல்முனை வளையத்தைவிட நன்றாகத் தாழ்ந்து இருக்க வேண்டும், அதை மட்டும் அளந்து பாருங்கள். அடியில் நாலு துளை போட்டு கனமான கட்டையில் திருகாணியால் இறுக்கச் சொல்லுங்கள்.

சம்மட்டி எழுதியது:

நீளத் துண்டைக் குறுக்கே அறுக்காமலும் பிளக்கலாம். நெட்டாக நிறுத்தாமல் படுக்கவைத்து, உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுங்கள். ஒரு முனையின் முகத்தில் ஆப்பைப் படுக்கைவாக்கில் அடித்து வெடிப்பைத் திறந்ததும், அந்த வெடிப்பு பக்கவாட்டில் பட்டையில் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, மேலிருந்து அடுத்த ஆப்பை அதில் இறக்குங்கள். வெடிப்போடு சேர்ந்து ஒரு சாண் ஒரு சாணாக ஆப்பை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று. தைலமரத்தில் உள்ளே நார் பிடித்துக்கொண்டிருக்கும், அதைக் கோடாலியால் வெட்டிவிடுங்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் அந்த மெல்லிய கோடாலிதான் சரியான கருவி. இரண்டாகப் பிளந்த பிறகு குறுக்கே அறுத்தால் ரம்பத்துக்கு ஆழம் பாதிதான். அறுக்கும்போது கட்டையின் இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்துவிடும், வெட்டும் இடத்துக்கு உட்பக்கத்தில் முட்டுக் கொடுத்து, அறுபடும் முனையைத் தொங்கவிடுங்கள்.